பன்னிரண்டு கிலோ குத்துவிளக்கு

தங்கம் இன்னைக்கு என்ன விலைன்னு போன்ல பாத்துக்கிட்டு இருந்தீங்கள்ல தம்பி? வேண்டாம், சொல்லாதீங்க. நான் கேக்கல. ஏறியிருக்கும், ஏறாம எங்க போகும். அது ஏறுனா எங்க சகலைக்கு லாபம், எனக்கு வயித்தெரிச்சல். இதுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருக்கீங்க, நீங்க ராஜபாளையத்துல இறங்கிப் போயிருவீங்க, இனிமே எங்க பாக்கப் போறோம்? உள்ளதைச் சொல்லிருவோம்.

சகலைன்னா என் பொண்டாட்டியோட அக்கா வீட்டுக்காரர். சுந்தரமகாலிங்கம்னு பேரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கார். இப்ப அவர் வீட்டுக்குத்தான் போறேன். விருந்தாடவா போறேன்? என் பொண்டாட்டியக் கூட்டிட்டு வரப் போறேன். மூட்டு ஆபரேஷன் முடிஞ்சதும் அங்க போயி உக்காந்தவதான். ஒரு மாசம்னு சொல்லிட்டுப் போனா. நாலு மாசம் ஆச்சு. வர்ற வெள்ளிக்கிழமை எங்க முதலாளி வீட்டம்மா எங்க வீட்டுக்கு விளக்கப் பாக்க வர்றாங்க. இன்னைக்குப் புதன். நாளைக்கு வியாழக்கிழமைக்குள்ள அவ வீட்டுல இருந்தாகணும்.

என்ன விளக்கா? சொல்றேன். மொதல்ல இருந்து சொன்னாத்தான் அந்த மனுசன் என்னை என்ன பாடு படுத்தியிருக்கார்னு உங்களுக்குப் புரியும்.

நான் சிவகாசியில ஆப்செட் பிரஸ்ஸுல மிஷின்மேன். முப்பத்திநாலு வருஷம். காலண்டர், நோட்டு அட்டை, மிட்டாய்க் கவர், என்னத்தைக் கேட்டாலும் அடிச்சிருக்கேன். வெயிலுமுத்து மிஷின்ல நின்னா கலரு ஒரு நூலு விலகாதுன்னு முதலாளியே சொல்லுவார். சகலை ராஜபாளையத்துல ஒரு மில்லுல ஃபிட்டர். ரெண்டு பேருக்கும் ஒரே வருஷம் ரிடையர்மென்ட். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேத்து எனக்குப் பன்னெண்டு லட்சத்துச் சொச்சம் வந்துச்சு. அவருக்கு என்னைவிட நாப்பதாயிரம் கம்மி. கம்மி தம்பி. அதை நல்லாக் கேட்டுக்கிடுங்க. அப்ப யாரு மேல நின்னது? நான்தான நின்னேன்?

நான் மரியாதையா பேங்க்ல போட்டேன். மாசம் ஏழாயிரம் வட்டி. எங்க ரெண்டு பேருக்கு அது போதும். மக ஒருத்திதான், கட்டிக் கொடுத்து திருப்பூர்ல இருக்கா. காலையில டீக்கடை, பேப்பரு, மத்தியானம் தூக்கம், இப்படி நல்லாத்தான் இருந்தேன்.

இந்த மனுசன் என்ன பண்ணியிருக்கார் தெரியுமா? வந்த பணம் அம்புட்டையும் கொஞ்சம் கொஞ்சமா தங்கமா மாத்தியிருக்கார். நகை இல்ல, வெறும் காசு. ரெண்டு கிராம், நாலு கிராம், எட்டு கிராம்னு பொடிப்பொடியா. கொஞ்சம் வெள்ளிக் கட்டியும் வாங்கியிருக்கார். எல்லாத்தையும் லாக்கர்ல போட்டுப் பூட்டிட்டு, ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி கைலியக் கட்டிக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா நானும் வாங்கிருவேன்ல?

எனக்கு எப்பத் தெரிஞ்சுச்சுன்னா, விருதுநகர்ல ஒரு கல்யாணப் பந்தியில. பக்கத்து இலையில இருந்தவன் எங்களுக்கு ஒண்ணுவிட்ட மச்சினன். அவன் சொல்றான், "மகாலிங்கம் அத்தானுக்கு என்ன மூளைய்யா! பேங்க்ல போட்டிருந்தா இன்னைக்கு இப்படி ஒண்ணுக்கு ஒண்ணரையாப் பெருகியிருக்குமா?" அப்பத்தான் இலையில பாயாசம் ஊத்துனாங்க. உள்ள இறங்கல தம்பி. எனக்குப் பாயாசம்னா உசுரு. அன்னைக்கு அப்படியே விட்டுட்டு இலைய மூடிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸுல என் வீட்டுக்காரி புஷ்பம் சொல்றா, "அத்தான் எதையும் யோசிச்சுத்தான் செய்வாக."

யோசிச்சுத்தான் செய்வாக! முப்பத்தஞ்சு வருஷத்துல என்னைப் பத்தி அவ வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்ல. நான் என்ன யோசிக்காமயா மிஷின் ஓட்டுனேன்? மககிட்டப் போன்ல புலம்புனா, அவ அதுக்கு மேல. "அப்பா, எதுனாலும் பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்க"ங்கிறா. பெத்த மக. கேப்பனா நான்?

மறுவாரமே பேங்க்குக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு, "தவணைக்கு முன்னாடி எடுத்தா வட்டி குறையும் சார், யோசிச்சுக்கோங்க"ன்னுச்சு. இதுவும் யோசிக்கச் சொல்லுது! எடுத்துக் கொடும்மான்னு கேட்டு வாங்கிட்டு நேரா நகைக்கடைக்குப் போனேன்.

தங்கக் காசு வாங்கத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். கடைக்காரர் ஒரு காசை எடுத்து என் உள்ளங்கையில வச்சார். எட்டு கிராம். சட்டைப் பித்தான் மாதிரி இருக்கு. இம்புட்டுப் பணத்தக் கொடுத்துட்டு, இந்தப் பித்தானை வாங்கி, அதையும் கொண்டுபோயி லாக்கர்ல போட்டா எவனுக்குத் தெரியும்? அவருக்கு ஊரே பேசுது. நான் வாங்குனது எனக்கும் பேங்க் மேனேஜருக்கும் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?

அப்ப அந்த மாடிப்படிக்குப் பக்கத்துல நின்னுச்சு தம்பி. வெள்ளிக் குத்துவிளக்கு, ஜோடி. என் இடுப்பு உயரம். உச்சியில அன்னம். ஒவ்வொண்ணும் ஆறு கிலோ, கெட்டி வெள்ளி. நான் பாக்கிறதைக் கடைக்காரர் பாத்துட்டார். "இது வீட்டுல நின்னா, வர்றவங்க வாசல்ல செருப்பக் கழட்டும்போதே தெரியும் அண்ணாச்சி"ன்னார். அம்புட்டுத்தான். முடிச்சிட்டேன். அவர் தங்கம் வாங்குனார்னா நானும் வெள்ளி வாங்கியிருக்கேன்ல? அதுவும் சேமிப்புத்தான? செய்கூலி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல ஆச்சு. அவர் காசுக்கு அந்தச் செலவு அவ்வளவா இல்லைன்னு எனக்குத் தெரியும். அதுக்காக வேலைப்பாட்டுக்குக் கொடுக்காம இருக்க முடியுமா? மிச்சம் இருந்த பணத்துல விளக்கு நிக்கிறதுக்குக் கிரானைட் மேடை கட்டி, சாமி ரூமுக்கு டைல்ஸ் ஒட்டி, சொந்தக்காரங்க எல்லாத்தையும் கூப்பிட்டு ஒரு சாப்பாடும் போட்டாச்சு.

வேன்ல கொண்டுவந்து இறக்குனப்ப புஷ்பம் வாயில கைய வச்சு நின்னுட்டா. அம்புட்டுச் சந்தோஷம் அவளுக்கு. அப்புறம் கேட்டா, "இனிமே மாசச் செலவுக்கு?"

"வெள்ளி ஏறும்டி"ன்னேன். ஏறுச்சா இல்லையா? நீங்களே போன்ல பாருங்க, எங்க ஏறி நிக்குதுன்னு. அப்ப நானும் கெட்டிக்காரன்தான? ஒருத்தன் சொல்றானா?

சகலையும் வந்தார். வரணும்னுதான தம்பி அந்தச் சாப்பாடே. விளக்கைச் சுத்திச் சுத்தி வந்து பாத்தார். தண்டைத் தொட்டுப் பாத்தார். "நல்லாருக்கு வெயிலு"ன்னார். அப்புறம் மெதுவா, "ஏத்திட்டீங்களா?"ன்னார்.

"முத வெள்ளிக்கிழமையே ஏத்தியாச்சு அண்ணாச்சி."

"அடடா. ஏத்தாம வச்சிருக்கலாமே. ஏத்துன விளக்கை நாளைக்கு ஒரு அவசரம்னா விக்க மனசு வராதே. நம்ம பக்கத்துல வாங்கவும் யோசிப்பாங்களே."

எனக்குப் புரிஞ்சுபோச்சு. பொறாமை வந்துருச்சு மனுசனுக்கு! அவர் பவுனு இருட்டுல கெடக்குது, என் வெள்ளி வெளிச்சத்துல நிக்குது. அன்னைக்கு ராத்திரி நான் தூங்குனேன் பாருங்க, ரிடையர் ஆனதுல இருந்து அப்படித் தூங்குனதில்ல.

ஒரே ஒரு சங்கடம். எங்க ஊருக் காத்து அப்படி. பட்டாசு, தீப்பெட்டின்னு கந்தக வாடை இல்லாத நாள் கிடையாது. வெள்ளிய இன்னைக்குத் தேச்சா நாலு நாள்ல கறுக்க ஆரம்பிச்சிரும். அதனால வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை தேய்க்கணும். ரெண்டு விளக்கையும் கழட்டுனா பத்துத் துண்டு. அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, அன்னம்னு ஒவ்வொண்ணா திருநீறு போட்டுத் துணியால தேய்க்கணும். இண்டு இடுக்கெல்லாம் துணியத் திரிச்சு விட்டு எடுக்கணும். புஷ்பம் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தரையில உக்காந்தான்னா எந்திரிக்க விளக்கு வைக்கிற நேரம் ஆயிரும். மொதல்ல சம்மணம் போட்டுத் தேய்ப்பா. அப்புறம் ஒரு காலை நீட்டிக்கிட்டு. கடைசியில முட்டி போட்டுக்கிட்டு. நான் கட்டில்ல உக்காந்து, "அந்த அன்னத்தோட கழுத்துல இன்னும் கறுப்பு இருக்கு பாரு"ன்னு எடுத்துச் சொல்லுவேன். நானும் சும்மா இல்ல.

வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா தெருவே வரும் பாக்க. முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு விளக்கு இல்லைன்னு பேசுனாங்க. புஷ்பம் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அடக்கம் அவளுக்கு.

வட்டி நின்னு போச்சுல்ல, அதனால நான் மறுபடி பிரஸ்ஸுக்குப் போனேன். மிஷினுக்கு இல்ல. வாசல்ல, வாட்ச்மேனா. வீட்டுல சும்மா இருக்க முடியலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவளும் வீட்டுல உக்காந்து கவர் ஒட்டிக் கொடுத்தா. ஆயிரம் ஒட்டுனா இவ்வளவுன்னு கொடுப்பாங்க. அதுவும் தரையில உக்காந்துதான். பொம்பளைங்களுக்கு வயசானா மூட்டு வலி வர்றது சகஜந்தான? இவளுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துருச்சு. கம்பு ஊணி நடந்தா. அப்புறம் கக்கூஸுக்கே நான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிருச்சு. மதுரையில பெரிய டாக்டர் பாத்துட்டு, ரெண்டு மூட்டையும் மாத்தணும்னுட்டார்.

பணத்துக்கு எங்க போறது? அவ சொன்னா, "விளக்கைக் கொடுத்துருவோம்ங்க." கேட்டீங்களா? ஏத்துன விளக்கு, மகாலட்சுமி, அதை உருக்கக் கொடுக்கலாமான்னு சத்தம் போட்டேன். சாமிக் காரியம்ல தம்பி. தெருக்காரங்க கேட்டா என்ன சொல்லுறது? அதைவிட, சகலை கேட்டா என்ன சொல்லுறது? "அன்னைக்கே சொன்னேன்ல வெயிலு"ம்பார். சொல்ல மாட்டார், நினைப்பார். நினைக்கிறது அதைவிட மோசம்.

சேதி தெரிஞ்சு அவரே வந்தார். "விளக்கை அசைக்க வேணாம். என்கிட்ட பொடிசாத்தான இருக்கு, ஆபரேஷனுக்கு ஆகுற அளவுக்கு எடுத்துக்கிடுவோம்"ன்னார். மறுநாள் காலையிலயே காசுல கொஞ்சத்தை வித்துட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டார். பித்தான்னு சொன்னேன்ல, அந்தப் பித்தான்தான்.

எப்படி நின்னிருப்பேன்னு நினைச்சுப் பாருங்க. என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன், அவர் பணம் கட்டுறார். நான் பக்கத்துல பையத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். ரசீதை நீட்டும்போது அந்த நர்ஸ் பொண்ணு அவர்கிட்ட, "உங்க வீட்டம்மாவுக்கு நாளைக்குக் காலையில ஒண்ணும் கொடுக்காதீங்க சார்"ங்குது. நான்தாம்மா வீட்டுக்காரன்னு சொன்னேன். சத்தம் கொஞ்சம் கூடிருச்சு போல, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

வராண்டாவுல வச்சு, "இதைத் திருப்பிக் கொடுத்துருவேன் அண்ணாச்சி"ன்னேன். "கொழுந்தியாளுக்குச் செய்றதைத் திருப்பி வாங்கவா போறேன்? போயி ஒரு காப்பி குடிங்க, மொகமே சரியில்ல"ன்னார். அந்தக் காப்பிக்கும் அவரே காசு கொடுத்துட்டார் தம்பி! பெருந்தன்மையாம். மனுசன் எம்புட்டு அடிதான் தாங்குறது?

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. அவங்க வீட்டுல நாற்காலி மாதிரி உக்காந்து போற கக்கூஸு, படி கிடையாது, அக்காகாரி கூடமாட இருப்பா. ஒரு மாசம் அங்க இருக்கட்டும்னாங்க. சரின்னேன். நான் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவேன். எப்ப வர்றன்னு கேப்பேன்.

"வியாழக்கிழமை கழியட்டும்ங்க"ன்னா.

சரின்னு வெள்ளிக்கிழமை பண்ணுனா, "வர்ற வியாழக்கிழமை கழியட்டும்ங்க"ங்கிறா. அதுக்கடுத்த வாரமும் அதே பேச்சு. வியாழக்கிழமை அங்க அப்படி என்ன வச்சிருக்காங்கன்னு எனக்குப் புரியல. சாமியார் மடத்துக்கு எதுவும் போறாளோ என்னவோ. சகலைகிட்ட கேட்டா, "அதுவா வரும்போது வரட்டும் வெயிலு"ங்கிறார். அப்ப யாரு பிடிச்சு வச்சிருக்கிறது? என் வீடு விளக்கு ஏத்த ஆளில்லாம கெடக்கணும், அதை நாலு பேரு பேசணும், அதுதான அவருக்கு வேணும்? பாவம், இவ வாயில்லாப் பூச்சி. அங்க கெடந்து தவிச்சுக்கிட்டு இருப்பா.

விளக்கு ரெண்டும் இப்பக் கரியடுப்புல வச்சு எடுத்தது மாதிரி நிக்குது. ஒரு வியாழக்கிழமை நானே உக்காந்தேன், அதையும் சொல்லிருறேன். ஒரு அடித்தட்டு தேய்க்கிறதுக்குள்ள தோள்பட்டை விட்டுப்போச்சு. எந்திரிக்க முடியல. கட்டில் காலைப் பிடிச்சு எந்திரிச்சு, அப்படியே படுத்துட்டேன். அது பொம்பளைங்க கைக்குத்தான் வரும் தம்பி. பழகுன கை. அதுனாலதான் சொல்றேன், இன்னைக்குக் கையோட கூட்டிட்டுப் போயிரணும். முதலாளி வீட்டம்மா வர்றப்ப கறுப்பா நின்னா மானம் போயிரும்.

மல்லி ஊரைத் தாண்டிட்டோமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்புல நான் இறங்கணும். ரோட்டு மேலயே வீடு. அவர் வீடு எங்க இருக்கும்? ரோட்டு மேலதான் இருக்கும். போன உடனே என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டேன். ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. நின்ன நிலையில, கிளம்பு புஷ்பம், அம்புட்டுத்தான்.

இருங்க. அந்தா, அந்த நீல கேட்டு, அதுதான் அவர் வீடு. தலையக் கொஞ்சம் சாச்சுக்கிடுங்க தம்பி, மறைக்குது. காய்வண்டிகிட்ட ரெண்டு பேரு நிக்கிறாங்க பாருங்க. வெள்ளைத் தலை அக்காகாரி. பச்சைச் சேலை, அது, அது என் வீட்டுக்காரிதான்.

கம்பு எங்க? கம்பக் காணோமே.

தக்காளி ஒண்ணு உருண்டுபோச்சு. குனிஞ்சு எடுக்கிறா. பாருங்க தம்பி, யாரையும் பிடிக்காம குனிஞ்சு எடுத்துட்டா. காய்க்காரன் என்னமோ சொல்றான், சிரிக்கிறா. தலையச் சாச்சுச் சிரிக்கிறா. கல்யாணமான புதுசுல இப்படிச் சிரிப்பா. இப்ப ரோட்டைத் தாண்டுறா. எட்டி எட்டி வச்சுப் போறா, அக்காகாரி பின்னால நிக்கிறா, இவ முன்னால போறா.

இல்ல தம்பி, தெரியும். என் ஸ்டாப்புத்தான். விசிலடிக்கட்டும், பரவாயில்ல.

இறங்கிக் கூப்பிட்டா வந்துருவா. மாட்டேன்னு சொல்ல மாட்டா, எனக்கு அவளைத் தெரியும். சேலைய மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு எதிர்ப் பஸ்ஸுல என்கூட ஏறி உக்காந்துருவா. நாளைக்கு ரெண்டு மணிக்குத் திருநீத்துக் கிண்ணத்த எடுத்து வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துருவா. நான் கட்டில்ல உக்காந்துருவேன்.

கண்டக்டர், ராஜபாளையம் ஒண்ணு கொடுங்க. ஆமாய்யா, இங்க வரைக்குந்தான் எடுத்திருந்தேன். இறங்கல. காசு இந்தா இருக்கு, சீட்டைக் கிழிங்க.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. கண்ணுல தூசி ஒண்ணும் இல்ல, வயித்தெரிச்சல்தான். பவுனு ஏறட்டும், இன்னும் நல்லா ஏறட்டும், எனக்கென்ன? நாலு மாசமா, தினம் தினம், அவ அப்படி நடக்கிறதை அந்த மனுசன் பாத்துக்கிட்டு இருந்திருக்கார். நான் இப்பத்தான் பாக்கிறேன்.